மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா? ஸ்கேன் எழுதிக் கொடுத்த நாள் முதல் ரிப்போர்ட் வரை முழுமையான வழிகாட்டி

நான் அணு மருத்துவப் பிரிவில் டெக்னீஷியன். கொஞ்சம் கதிரியக்க மருந்தை ஊசியில் செலுத்தி, அது எங்கே சேர்கிறது என்று படம் எடுக்கும் போன் ஸ்கேனும் (எலும்பு ஸ்கேன்) பெட் சிடியும்தான் என் அன்றாட வேலை. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்களும் அவர்களோடு வரும் மகளோ தம்பியோ கணவரோ எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை தினமும் பார்க்கிறேன். பெரும்பாலான தடுமாற்றம் மெஷினுக்குள் நடப்பதில்லை. வருவதற்கு முன்பும், ரிப்போர்ட் கைக்கு வந்த பின்பும்தான் நடக்கிறது.

சிகிச்சையை முடிவு செய்வது உங்கள் புற்றுநோய் மருத்துவர்தான். அவர் எழுதிக் கொடுத்த படத்தை ஒழுங்காக எடுக்கவும், வந்த ரிப்போர்ட்டை வீணாகப் பயப்படாமல், அலட்சியமும் காட்டாமல் புரிந்துகொள்ளவும் இது உதவும். ஒன்றை மட்டும் முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன்: படத்தில் தெரியும் எந்தப் புள்ளியையும் தனியாக வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த இடத்தில் வலி இருக்கிறதா, பழைய படத்தில் அது இருந்ததா, இன்னொரு வகைப் படம் என்ன சொல்கிறது என்ற மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு புள்ளிக்கு அர்த்தம் வரும்.

1. அவசர அறிகுறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

அப்பாயின்ட்மென்ட் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாத நிலைமைகள் சில உண்டு. அதனால்தான் இதை முதல் படியாக வைக்கிறேன்.

கால்களில் புதிதாக பலவீனம், நடை தள்ளாடுவது, கால் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமலே போய்விடுவது, மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது: இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதுகெலும்பில் வளர்ந்த கட்டி தண்டுவடத்தை அழுத்தும்போது இப்படி ஆகும். படுத்தால் கூடும் முதுகுவலி, மார்பையோ வயிற்றையோ சுற்றிப் பட்டை கட்டியதுபோல் இறுக்கும் வலி ஆகியவை இதற்கு முன்னறிவிப்பாக வரலாம்.

இந்த நிலையில் எடுக்க வேண்டியது முதுகெலும்பு முழுவதற்குமான எம்ஆர்ஐ. போன் ஸ்கேனால் தண்டுவடத்தைக் காட்ட முடியாது. நரம்பு பாதிக்கப்பட்ட அறிகுறி இருந்தால் 24 மணி நேரத்துக்குள் எம்ஆர்ஐ எடுத்துவிட வேண்டும் என்பது மருத்துவ நடைமுறை. சிகிச்சை தொடங்கும்போது ஒருவர் நடந்துகொண்டிருந்தால் அதற்குப் பிறகும் நடக்க வாய்ப்பு அதிகம். நடை நின்றுபோன பிறகு அதைத் திரும்பக் கொண்டுவருவது கடினம். "அடுத்த செவ்வாய்க்கிழமை போன் ஸ்கேன் இருக்கிறதே, அதில் பார்த்துக்கொள்ளலாம்" என்று வீட்டில் இருப்பதுதான் இதில் நடக்கும் மிகப் பெரிய தவறு.

காலை ஊன்றும்போது இடுப்பிலோ தொடையிலோ சுரீரென்று வலித்தால், அந்தக் காலில் எடை போடாமல் மருத்துவரைப் பாருங்கள். அன்றைக்கே ஒரு எக்ஸ்ரே தேவைப்படும். அதுவரை எண்ணெய் போட்டு நீவுவது, காலை இழுத்து விடுவது, கட்டுப் போடுவது எதுவும் வேண்டாம். உள்ளே அரித்துப்போன எலும்பு அந்த அழுத்தத்திலேயே முறியலாம்.

அதிக தாகம், மலச்சிக்கல், வாந்தி, அளவு மீறிய தூக்கம், குழப்பமான பேச்சு எல்லாம் சேர்ந்து வந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம். அதற்கு முதலில் ரத்தப் பரிசோதனைதான். ஸ்கேன் பிறகு.

2. எதற்காக எடுக்கிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

எங்கள் கவுன்டரில் "எதுக்கும்மா ஸ்கேன் எழுதியிருக்காங்க?" என்று கேட்டால் பலர் "பரவியிருக்கான்னு பாக்கத்தான்" என்கிறார்கள். அது ஒரு காரணம்தான். மருத்துவர் மனதில் இவற்றில் ஏதோ ஒன்று இருக்கும்: நோய் எந்த நிலையில் இருக்கிறது? இந்தக் குறிப்பிட்ட வலிக்கு என்ன காரணம்? எலும்பு முறியும் ஆபத்து இருக்கிறதா? கொடுக்கும் மருந்து வேலை செய்கிறதா?

கேள்வி மாறினால் படமும் மாறும். தொடை எலும்பு முறியுமா என்பதற்கு போன் ஸ்கேனை விட எக்ஸ்ரேவும் சிடி ஸ்கேனும் நல்ல பதில் சொல்லும். உடம்பு முழுவதும் எங்கெங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு எக்ஸ்ரே போதாது. கேள்வி தெளிவாக இருந்தால், ரிப்போர்ட் எழுதும் மருத்துவரும் வலிக்கும் இடத்தைக் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்.

அப்புறம், எல்லோருக்கும் இந்த ஸ்கேன் தேவையில்லை. ஆரம்ப நிலையில் கண்டுபிடித்த நோய், எலும்பு வலி எதுவும் இல்லை, ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது என்றால், வழக்கமாக போன் ஸ்கேனோ பெட் ஸ்கேனோ எடுக்க வேண்டாம் என்றுதான் புற்றுநோய் மருத்துவ அமைப்புகள் சொல்கின்றன. அந்த நிலையில் உண்மையான பரவல் கிடைப்பது அரிது. மூட்டுத் தேய்மானத்தைப் பார்த்துப் பயந்து இன்னும் நான்கு பரிசோதனைக்கு அலைவதுதான் அதிகம். மருத்துவர் எழுதாத ஸ்கேனை "ஒரு திருப்திக்கு" எடுத்துப் பார்க்காதீர்கள்.

3. ஃபைலைத் தயார் செய்யுங்கள்

ஸ்கேன் நாளுக்கு முந்தின இரவு இதைச் செய்தால் போதும். ஆனால் விட்டுவிட வேண்டாம். ஃபைலில் இருக்க வேண்டியவை:

முதல் பயாப்சி (கட்டியில் சிறு துண்டு எடுத்துச் செய்த பரிசோதனை) ரிப்போர்ட்டும், கட்டியில் ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 புரதமும் இருக்கிறதா என்று சொல்லும் ஈஆர், பிஆர், ஹெர்2 முடிவுகளும். அறுவை சிகிச்சையின் டிஸ்சார்ஜ் சம்மரி. கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்திருந்தால் எந்த இடத்தில், எந்த மாதம் என்ற விவரம். கீமோ அட்டை. சமீபத்திய ரத்தப் பரிசோதனை, குறிப்பாக சிறுநீரகத்தைச் சொல்லும் கிரியேட்டினின், எலும்பையும் ஈரலையும் சொல்லும் ஆல்கலைன் பாஸ்படேஸ், கால்சியம். பழைய ஸ்கேன்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படங்கள் பதிந்த கம்ப்யூட்டர் தட்டோடு.

தட்டு ஏன் என்று பலர் கேட்பார்கள். ஃபிலிமில் தேர்ந்தெடுத்த சில படங்கள்தான் இருக்கும். தட்டில் எல்லாப் படமும் முழுதாக இருக்கும். போன வருடமும் அதே இடத்தில் அதே அளவில் ஒரு புள்ளி இருந்தது என்று தெரிந்தால், இன்றைக்குச் சந்தேகமாகத் தெரிவது ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். பழைய படம் இல்லாததால் மட்டுமே எம்ஆர்ஐ வரைக்கும் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கூடவே ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: எங்கே வலி, எப்போதிலிருந்து, கீழே விழுந்தீர்களா, எலும்பு முறிந்ததா, மூட்டு மாற்று அறுவை நடந்ததா, பல் பிடுங்கினீர்களா. மூன்று மாதத்துக்கு முன் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததை யாரும் தானாகச் சொல்வதில்லை. அந்த விலா எலும்பு படத்தில் கறுப்பாகத் தெரியும்போதுதான் அது ஞாபகத்துக்கு வருகிறது.

4. எந்தப் படம் எதைக் காட்டும்

மார்பகப் புற்றுநோய் பரவும் உறுப்புகளில் எலும்புதான் முதலிடம். அதிலும் முதுகெலும்பு, இடுப்பு எலும்பு, விலா, மார்பு எலும்பு, மண்டை ஓடு, தொடை எலும்பின் மேல்பகுதி ஆகியவை. ரத்தம் உருவாகும் சிவப்பு மஜ்ஜை இருக்கும் இடங்கள் என்பதே காரணம். நோய் எலும்பை அரிக்கலாம், அதைத்தான் லைட்டிக் என்று எழுதுவார்கள். எலும்பைக் கெட்டியாக்கவும் செய்யலாம், அது ஸ்கிளரோட்டிக். மார்பகப் புற்றுநோயில் இரண்டும் கலந்தும் வரும்.

எக்ஸ்ரே மலிவானது, உடனே கிடைப்பது. ஆனால் எலும்பின் தாது 30 முதல் 50 சதவீதம் கரைந்த பிறகுதான் அரிப்பு அதில் தெரியும். எனவே வலி இருந்து எக்ஸ்ரே நார்மல் என்றால், எலும்பு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது.

போன் ஸ்கேனில் டெக்னீஷியம் 99எம் என்ற கதிரியக்கப் பொருளை எம்டிபி என்ற மருந்தோடு சேர்த்து நரம்பில் செலுத்துகிறோம். எலும்பு எங்கெல்லாம் புதிதாகக் கட்டிக்கொள்கிறதோ அங்கெல்லாம் அது போய் ஒட்டும். கவனியுங்கள், அது புற்றுநோயில் ஒட்டவில்லை, எலும்பு செய்யும் பழுதுபார்ப்பில்தான் ஒட்டுகிறது. எலும்பு முறிவிலும் மூட்டுத் தேய்மானத்திலும் கிருமித் தொற்றிலும் அதே பழுதுபார்ப்பு நடக்கிறது, எனவே அங்கும் கறுப்பாகத் தெரியும். பழுதுபார்ப்பே நடக்காமல் எலும்பு வெறுமனே அரிந்துகொண்டு போனால் தெரியாமலும் போகலாம்.

சிடி எலும்பின் வடிவத்தையும் அதன் வெளிப்புற ஓடு பகுதியையும் துல்லியமாகக் காட்டும். ஈரல், நுரையீரலையும் அதே படத்தில் பார்த்துவிடலாம். எம்ஆர்ஐ மஜ்ஜையைப் பார்க்கும், எலும்பு சேதமாகும் முன்பே மாற்றத்தைச் சொல்லும். தண்டுவடத்துக்கு அதைவிடச் சிறந்தது இல்லை.

எஃப்டிஜி பெட் சிடி, சர்க்கரையை வேகமாக உறிஞ்சும் செல்களைக் காட்டுகிறது. அரிப்பு வகைக்கு இது நன்றாக வேலை செய்யும். பால் சுரக்கும் பகுதியில் தொடங்கும் லாபுலர் வகை மார்பகப் புற்றுநோயில் சில கட்டிகள் சர்க்கரையை அதிகம் எடுப்பதில்லை, அங்கே மங்கலாகத் தெரியலாம். ஈஆர் பாசிட்டிவ் நோய்க்கென்று எஃப்இஎஸ் என்ற மருந்தை வைத்து எடுக்கும் பெட் ஸ்கேனுக்கு 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. அது எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

பெட் சிடியிலேயே எலும்புப் பரவல் தெளிவாகத் தெரிந்துவிட்டால், தனியாகப் போன் ஸ்கேன் பெரும்பாலும் தேவைப்படாது. இரண்டுக்கும் சீட்டு இருந்தால், இரண்டும் வேண்டுமா என்று மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

5. போன் ஸ்கேன் நாள்

நான் அதிகம் பார்க்கும் வேலை இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாப்பிட்டுவிட்டு வாருங்கள். "ஸ்கேன்னா வெறும் வயிறுதானே" என்று நினைத்து இட்லிகூடச் சாப்பிடாமல் வந்து, மதியம் மயக்கமாக உட்கார்ந்திருப்பவர்கள் எல்லா வாரமும் இருக்கிறார்கள். போன் ஸ்கேனுக்குப் பட்டினி தேவையில்லை. பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாம் வழக்கம்போல.

நேரத்துக்கு வாருங்கள். டெக்னீஷியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம். உங்கள் நேரத்துக்கு அளந்து வைத்த மருந்து, நீங்கள் தாமதமாக வரவரக் குறைந்துகொண்டே போகும்.

கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருந்தாலோ தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ, புக் செய்யும்போதே சொல்லுங்கள். ஊசிக்கு வந்து உட்கார்ந்த பிறகு சொன்னால், அன்றைய பயணம் வீண்.

ஊசி போடும்போது, அறுவை சிகிச்சை நடந்த பக்கத்துக் கையை நீட்டாதீர்கள். அக்குளில் நெரிகட்டி எடுத்திருந்தால் அந்தக் கை வீங்கும் வாய்ப்பு உண்டு. இன்னொரு காரணமும் இருக்கிறது. ஊசி மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால், அந்தப் பக்க அக்குளில் நெரிகட்டி பளிச்சென்று தெரியும். எந்தக் கையில் போட்டோம், கசிந்ததா என்று நாங்கள் குறித்துவைப்பது இதற்காகத்தான். ஊசி போட்ட இடத்தில் எரிச்சலோ வீக்கமோ வந்தால் உடனே சொல்லுங்கள்.

ஊசிக்குப் பிறகு 2 முதல் 4 மணி நேரம் காத்திருக்க வேண்டும். மருந்து எலும்பில் சேர்வதற்கும், மிச்சம் ரத்தத்திலிருந்து சிறுநீர் வழியே வெளியேறுவதற்கும் அந்த நேரம் தேவை. இந்த இடைவெளியில் தண்ணீர் நன்றாகக் குடியுங்கள், அடிக்கடி சிறுநீர் கழியுங்கள். தண்ணீர் குறைத்தால் தசையெல்லாம் மங்கலாகத் தெரிந்து படம் தெளிவிழந்துவிடும். சிறுநீரகமோ இதயமோ சரியில்லாமல் தண்ணீரை அளவாகக் குடிக்கச் சொல்லியிருந்தால், எங்களிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

படம் எடுக்கும் முன் கட்டாயம் டாய்லெட் போங்கள். நிறைந்த மூத்திரப்பை இடுப்பு எலும்பையும் வால் எலும்பையும் மறைத்துவிடும். கழித்தபின் கையைக் கழுவுங்கள், உள்பாவாடையில் சிறுநீர் பட்டிருந்தால் சொல்லுங்கள், மாற்று உடை தருவோம். துணியில் விழுந்த ஒரு சொட்டுகூட படத்தில் எலும்பில் இருக்கும் புள்ளி போலவே தெரியும். இதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். கூச்சமே வேண்டாம், எங்களுக்கு இது சாதாரண விஷயம்.

மார்பகம் எடுத்தவர்கள் உள்ளே வைக்கும் சிலிக்கான் பேடைக் கழற்றிவிட வேண்டும். அது விலா எலும்பிலிருந்து வரும் கதிரைத் தடுக்கும். தாலிச் சங்கிலியின் டாலரும் அப்படியே, மார்பு எலும்பின் நடுவில் ஒரு வெள்ளை ஓட்டை போலத் தெரியும். கழற்ற மனமில்லை என்றால் தோள் பக்கம் ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம், டெக்னீஷியனிடம் சொன்னால் போதும்.

கடைசியாக, வலி. சுமார் அரை மணி நேரம் மல்லாந்து அசையாமல் படுக்க வேண்டும். எலும்பு வலியோடு வருபவருக்கு அது லேசான காரியம் இல்லை. பாதியில் எழுந்தால் படம் கலைந்துவிடும். வலி மாத்திரையை எப்போது போட்டுக்கொள்வது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு, படுப்பதற்கு முன் வேலை செய்யத் தொடங்கும்படி போட்டுக்கொள்ளுங்கள். காத்திருக்கும் நேரம் கையில் இருப்பதால் இதற்கு வசதியான ஸ்கேன் இதுதான். மெஷின் முகத்துக்கு அருகில் வரும், ஆனால் குகை மாதிரி மூடாது.

கதிர்வீச்சு பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஒரு போன் ஸ்கேனில் உடம்புக்குச் சேர்வது சுமார் 4 மில்லிசீவர்ட். மறுநாளுக்குள் பெரும்பகுதி போய்விடும். அன்றைக்கு மட்டும் கைக்குழந்தையை நெடுநேரம் மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம், கர்ப்பிணிகள் பக்கத்தில் ஒட்டி உட்கார வேண்டாம். தனித் தட்டு, தனி அறை எல்லாம் தேவையில்லை. பாட்டியை வராந்தாவில் தனியாகப் படுக்க வைத்த வீடுகளைப் பற்றிக் கேள்விப்படும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது.

6. பெட் சிடி நாள்

போன் ஸ்கேனுக்கு நேர் எதிர். இங்கே பட்டினி அவசியம். குறைந்தது 4 முதல் 6 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, வெறும் தண்ணீர் குடிக்கலாம். பால் இல்லாத காபி என்றாலும் சர்க்கரை போட்டது கூடாது. காரணம், செலுத்தும் மருந்தே ஒரு வகைச் சர்க்கரை. ரத்தத்தில் ஏற்கனவே சர்க்கரை நிறைய இருந்தால் கட்டிக்குப் போகும் மருந்து குறைந்துபோகும். பொதுவாக 200க்குக் கீழே இருக்க வேண்டும் என்று பார்ப்போம்.

சர்க்கரை நோயாளிகள்தான் இங்கே அதிகம் திரும்பிப் போகிறார்கள். சர்க்கரை குறையட்டும் என்று வருவதற்கு முன் வேகமாக வேலை செய்யும் இன்சுலின் போட்டுக்கொண்டால், மருந்து முழுதும் தசைக்குப் போய்விடும், படம் பயன்படாது. இன்சுலின், மெட்ஃபார்மின் இரண்டையும் என்ன செய்வது என்று புக் செய்யும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முந்தின நாள் வேகமான நடை, மாடிப்படி ஏறுவது, பாரம் தூக்குவது வேண்டாம். ஊசிக்குப் பிறகு ஒரு மணி நேரம் போர்வை போர்த்திக்கொண்டு அமைதியாக இருங்கள். குளிரில் நடுங்கினால் கழுத்திலும் தோளிலும் உள்ள, உடம்பைச் சூடாக்கும் பழுப்புக் கொழுப்பு ஒளிரும்.

கீமோவுக்குப் பிறகு வெள்ளணு ஏறுவதற்கு ஊசி போட்டிருந்தால் தேதியோடு சொல்லுங்கள். அந்த ஊசி மஜ்ஜை முழுவதையும் முடுக்கிவிடும். முதுகெலும்பு முழுக்க ஒரே சீராக ஒளிரும்போது, நோயும் அதற்குள் மறைந்துபோகலாம். பொதுவாக அந்த ஊசிக்கும் ஸ்கேனுக்கும் சுமார் 2 வாரம் இடைவெளி இருப்பது நல்லது.

இன்னொன்று. பல இடங்களில் பெட் ஸ்கேனை மண்டையின் அடிப்பகுதியிலிருந்து தொடையின் நடுப்பகுதி வரைதான் எடுப்பார்கள். முழங்காலுக்குக் கீழே வலி இருந்தால், "கால் வரைக்கும் எடுங்க" என்று படுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால், மருந்தின் அரை ஆயுள் 110 நிமிடம்தான், நேரம் ஓடிவிடும்.

7. எம்ஆர்ஐ என்றால்

கதிர்வீச்சு இல்லை, ஆனால் காந்தம். தாலிச் சங்கிலியில் கோத்து வைத்திருக்கும் ஊக்குகளை ஒன்றுவிடாமல் எடுத்துவிடுங்கள். எங்கள் ஊர் அம்மாக்களின் சங்கிலியில் மூன்று நான்கு ஊக்கு சாதாரணமாக இருக்கும், அவர்களுக்கே ஞாபகம் இருக்காது. கொண்டை ஊசி, பின், உள்ளாடைக் கொக்கியும் அப்படியே.

மார்பகச் சீரமைப்புக்காகத் தோலுக்கடியில் விரிவாக்கிப் பை வைத்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். சில பைகளின் வால்வில் காந்தம் இருக்கும், அதோடு எம்ஆர்ஐக்குள் போவது ஆபத்து. பேஸ்மேக்கர் இருந்தாலும் சொல்லுங்கள்.

முதுகெலும்பு வலிக்கு எடுக்கும்போது, வலிக்கும் பகுதி மட்டும் போதும் என்று செலவைக் குறைக்கப் பார்ப்பார்கள். பரவல் சந்தேகத்தில் முழு முதுகெலும்பையும் எடுப்பதுதான் சரி. ஒரு இடத்தில் அழுத்தம் இருப்பவருக்கு இன்னொரு இடத்திலும் இருக்கலாம். கதிர்வீச்சு சிகிச்சையைத் திட்டமிடவும் அது தேவைப்படும்.

8. போன் ஸ்கேன் படத்தைக் கையில் வாங்கிய பிறகு

முதல் வேலை, ரிப்போர்ட்டின் கடைசிப் பத்தியைப் படியுங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். இரண்டு எலும்புக்கூடுகள் இருக்கும், ஒன்று முன்பக்கம், மற்றது பின்பக்கம். முன்பக்கப் படத்தில் உங்கள் வலது கை படத்தின் இடது ஓரத்தில் இருக்கும், பின்பக்கப் படத்தில் அப்படியே மாறும். வலியும் புள்ளியும் ஒரே பக்கமா என்று பார்க்கும்போது இதில்தான் குழப்பம் வருகிறது.

சிறுநீரகங்களும் மூத்திரப்பையும் கறுப்பாகத் தெரிவது இயல்பு. முழங்கால், தோள், கழுத்து, இடுப்புக்கு மேல் உள்ள முதுகெலும்பு ஆகியவற்றில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி கறுத்திருந்தால் பெரும்பாலும் தேய்மானம். அதை டிஜெனரேட்டிவ் என்று எழுதியிருப்பார்கள். மார்பகம் எடுத்த பக்கத்து விலாக்கள் மற்ற பக்கத்தைவிடச் சற்றுக் கூடுதல் கறுப்பாக இருக்கும். மறைக்க அங்கே சதை இல்லை, அவ்வளவுதான். கரண்ட் வைத்த இடத்து எலும்பு வெளிறித் தெரியும்.

விலாக்கள் தனிப் பாடம். அடுத்தடுத்த விலாக்களில் ஒரே நேர்கோட்டில் சின்னப் புள்ளிகள் என்றால் பெரும்பாலும் அடிபட்டதுதான். ஒரே விலாவின் நீளவாக்கில் நீண்ட கறுப்பு என்றால் சந்தேகம். ஒரே ஒரு விலாவில் ஒரே ஒரு புள்ளி, பெரும்பாலும் புற்றுநோய் இல்லை. ஆனால் மார்பு எலும்பில் ஒரே ஒரு புள்ளி இருந்தால், மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு அதை விட்டுவிடக் கூடாது.

லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் போன்ற, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் குறைக்கும் மாத்திரைகளை நெடுநாள் எடுத்தவர்களுக்கு எலும்பு மெலிந்து, இடுப்பின் பின்னால் உள்ள சேக்ரம் எலும்பில் தானாகவே விரிசல் விடலாம். அது இரண்டு செங்குத்துக் கோடும் நடுவில் ஒரு குறுக்குக் கோடுமாகத் தெரியும். அந்த வடிவத்தைப் பார்த்தாலே அனுபவமுள்ள மருத்துவர் முதலில் எலும்பு மெலிந்து வந்த விரிசலைத்தான் நினைப்பார்.

தாடையில் கறுப்பு இருந்தால் பல் பிரச்சினையாக இருக்கலாம். எலும்பைப் பாதுகாக்கப் போடும் சோலெட்ரோனிக் ஆசிடோ டெனோசுமாபோ போட்டுக்கொண்டிருந்தால் பல் மருத்துவரைக் கட்டாயம் பாருங்கள், அந்த மருந்துகளால் தாடை எலும்பு சிதைவதும் உண்டு. அவற்றைத் தொடங்கும் முன்பே பல்லைச் சரிசெய்யச் சொல்வது இதனால்தான்.

ஏமாற்றும் படம் ஒன்று உண்டு. எலும்பு முழுவதும் ஒரே சீராக அடர்ந்து, தனியாகப் புள்ளியே இல்லாமல், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சிறுநீரகங்கள் தெரியவே தெரியாது. மருந்து மொத்தத்தையும் எலும்பே எடுத்துக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். இதை சூப்பர்ஸ்கேன் என்பார்கள். பரவலான நோயில் வரும்.

9. "உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்று வந்தால்

ரிப்போர்ட்டில் இன்டிடெர்மினேட், ஈக்விவோக்கல் என்ற சொற்கள் வந்தால், இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இன்னொரு படம் பார்க்க வேண்டும் என்று பொருள். இதைப் படித்துவிட்டு ஒருவர் "ஒண்ணுமில்லையாம்" என்று வீட்டுக்குப் போய்விடுகிறார், இன்னொருவர் நோய் பரவிய நான்காம் நிலை என்று முடிவுகட்டி அழுகிறார். இரண்டுமே தவறு.

அடுத்த படி பெரும்பாலும் அதே நாளிலேயே எடுக்கக்கூடிய ஸ்பெக்ட் சிடி, அதாவது போன் ஸ்கேனின் முப்பரிமாணப் படத்தையும் சிடியையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பது. சந்தேக இடத்தில் கறுப்பு மூட்டின் விளிம்பில் இருக்கிறதா, எலும்பின் உடலுக்குள் இருக்கிறதா என்று அது பிரித்துச் சொல்லும். அதிலும் தெளியாவிட்டால் அந்த இடத்துக்கு மட்டும் எம்ஆர்ஐ. இன்னும் தெளியாவிட்டால், அல்லது முதல் முறையாகப் பரவல் தெரிகிறது என்றால், பயாப்சி.

பயாப்சி என்றதும் "அதான் படத்துலயே தெரியுதே, எதுக்கு இன்னொரு ஊசி?" என்று பலரும் தயங்குகிறார்கள். பரவிய இடத்துக் கட்டியின் ஈஆர், பிஆர், ஹெர்2 நிலை முதல் கட்டியிலிருந்து மாறியிருக்கலாம். மாறினால் மருந்தே மாறும். அதனால்தான் இயன்றவரை எடுக்கச் சொல்கிறார்கள்.

எலும்பு பயாப்சியில் கேட்டுவைக்க வேண்டிய ஒன்று உண்டு. எலும்புத் துண்டைச் சீவுவதற்கு முன் அதிலிருக்கும் கால்சியத்தை நீக்குவார்கள். அதற்கு வலுவான அமிலத்தைப் பயன்படுத்தினால் ஹெர்2 உள்ளிட்ட பரிசோதனைகள் தவறாகிவிடலாம். ஈடிடிஏ என்ற மென்மையான முறை இதற்கு நல்லது. "ஈஆர், ஹெர்2 பார்க்க வேண்டும் என்று லேபுக்கு எழுதி அனுப்பியிருக்கிறீர்களா, டாக்டர்?" என்று கேட்டாலே போதும், அவருக்குப் புரியும்.

10. பரவல் உறுதியானால் அடுத்த கேள்வி: எலும்பு தாங்குமா

எத்தனை இடம் என்பதிலேயே எல்லோர் கவனமும் நின்றுவிடுகிறது. ஆனால் நாளைக்கு நடக்க முடியுமா என்பதை எந்த இடம் என்பதுதான் முடிவு செய்யும்.

கை, கால் நீள எலும்புகளுக்கு 1989இல் வந்த மிரெல்ஸ் மதிப்பெண்ணைப் பயன்படுத்துகிறார்கள். இடம், வலி, அரிப்பா கெட்டிப்பா, அகலம் ஆகிய நான்குக்கும் 1 முதல் 3 வரை. மொத்தம் 12இல் 9 அல்லது அதற்கு மேல் வந்தால், முறிவதற்கு முன்பே கம்பி வைப்பதை யோசிப்பார்கள். முறிந்த பின் செய்வதைவிட அது எளிது. இதற்கு எலும்பு முழு நீளமும் தெரியும்படி, இரண்டு கோணத்தில் எக்ஸ்ரே வேண்டும். இடுப்பு மூட்டை மட்டும் எடுத்தால் தொடையின் கீழ்ப்பகுதியில் இன்னொரு அரிப்பு இருப்பது தெரியாமல் போய்விடும்.

முதுகெலும்புக்கு சின்ஸ் என்ற மதிப்பெண், 2010இல் வந்தது, 0 முதல் 18 வரை. 7 அல்லது அதற்கு மேல் வந்தால் முதுகெலும்பு அறுவை நிபுணரிடம் காட்டச் சொல்வார்கள். இந்த எண்கள் ரிப்போர்ட்டில் இல்லாவிட்டால், "எடை போட்டு நடக்கலாமா? குனியலாமா? பஸ்ஸில் போகலாமா?" என்று நேரடியாகக் கேளுங்கள்.

11. அடுத்த ஸ்கேனை எப்போது, எப்படி எடுப்பது

சிகிச்சை தொடங்கி முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் போன் ஸ்கேன் ஏமாற்றக்கூடும். மருந்து வேலை செய்து எலும்பு ஆறத் தொடங்கும்போது பழுதுபார்ப்பு கூடும். பழைய புள்ளிகள் இன்னும் கறுக்கும், முன்பு தெரியாதவை புதிதாகத் தலைகாட்டும். இதை ஃபிளேர் என்பார்கள். சிடியிலும் இதே கதைதான். அரித்த இடம் ஆறும்போது கெட்டியாகி வெள்ளையாகத் தெரியும், அது புதுப் பரவல் போல இருக்கும். வலி குறைந்திருக்கிறது, ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறது, படம் மட்டும் மோசம் என்றால், மருந்தை மாற்றும் முன் சில வாரம் பொறுத்து மீண்டும் எடுத்துப் பார்ப்பதா என்று மருத்துவரிடம் பேசுங்கள். வலியும் கூடியிருந்தால் பொறுக்க வேண்டாம்.

முடிந்தவரை அதே வகை ஸ்கேனை, அதே இடத்தில் எடுங்கள். போன முறை போன் ஸ்கேன், இந்த முறை பெட் ஸ்கேன் என்று மாற்றினால் இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. ஒன்று எலும்பின் பழுதுபார்ப்பைப் பார்க்கிறது, மற்றது கட்டியின் சுறுசுறுப்பைப் பார்க்கிறது. "முன்னாடி அஞ்சு, இப்ப ஒன்பது" என்ற கணக்கெல்லாம் அங்கே செல்லாது.

ஒரு நோட்டில் ஸ்கேன் தேதிகள், மருந்து தொடங்கிய, மாற்றிய தேதிகள், வெள்ளணு ஊசித் தேதிகள், கரண்ட் வைத்த இடம், விழுந்தது, பல் வைத்தியம் ஆகியவற்றை வரிசையாக எழுதி வாருங்கள். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் அந்தப் பக்கத்தை ஒரு நகல் எடுத்துக் கொடுங்கள்.

ரிப்போர்ட் வாங்கும்போது, எந்தத் தேதிப் படத்தோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று முதல் பக்கத்திலேயே பாருங்கள். தேதி இல்லையென்றால் ஒப்பிடவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். பழைய தட்டைக் கொடுத்து, ஒப்பிட்டு ஒரு கூடுதல் குறிப்பு எழுதித் தரும்படி கவுன்டரில் கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, வழக்கமாகச் செய்துதரும் வேலையும்தான்.